கிணத்துக் குளோரின், ரைல் அசிற், கோஸ்ரிக் சோடா: எந்த மூடி நிண்டு பிடிக்கும்?

ஒட்டுசுட்டான் வளவு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில வைச்சிருக்கிற இரசாயனங்களின்ர மூடி பற்றி விளக்கமாக் கேக்க வேணும். சாமான் இவ்வளவும்தான்: கிணத்துக்குப் போடுற ரி.சி.எல். தூள் (வெளிற்றும் தூள்) 3 கிலோ, கழுவுறதுக்குக் குளோரின் தண்ணி 5 லீற்றர் கானில, ரைலில படியிற சுண்ணாம்பு கழுவ அசிற், சவர்க்காரம் காய்ச்சக் கோஸ்ரிக் சோடா, சோலர் பற்றறிக்கு அசிற்.

தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில தூளை வைச்சால் விளிம்பு துருப்பிடிச்சு உதிருது. கோஸ்ரிக் போத்தல் ஒட்டிப்போய்த் திறக்கேலாமல் நிக்குது. குளோரின் கான் ஊதி நிக்குது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் மூடி தேடி எடுத்தால் எல்லாத்துக்கும் ஒண்டாச் சரிவருமோ?

பரந்தன் சந்தி:
ஸ்ரெயின்லெஸ் யோசனையை இண்டைக்கே கைவிடுங்கோ. அது துருப்பிடிக்காமல் இருக்கிறது மேற்பரப்பில இருக்கிற மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலத்தால. குளோரைட்டு உள்ள ஈரம் அந்தப் படலத்தை அங்கங்க உடைச்சு ஊசிமுனைப் பள்ளம் விழுத்தும். வெளியில மினுங்கிக்கொண்டு இருக்கும், உள்ளுக்குள்ள துளை போயிருக்கும். 304 தரம் கெதியாப் போகும். 316 இல மொலிப்டினம் 2 - 3 வீதம் இருக்கிறபடியால் கொஞ்சம் பிந்தும். ரைல் அசிற், அதாவது ஐதரோகுளோரிக் அமிலம், அதுக்கு முன்னால ரெண்டும் ஒண்டுதான்.

உலோகமும் குளோரீனும் எண்டால் ஈரத்தைத்தான் பாக்க வேணும். நல்லா உலர்த்தின குளோரீனைச் சாதாரண இரும்புச் சிலிண்டரில அடைக்கலாம், ஒண்டும் ஆகாது. அதில துளி ஈரம் பட்டால் அதே இரும்பைத் தின்னும். தைத்தானியம் நேர் எதிர்: ஈரக் குளோரீனுக்கு அசையாது, உலர்ந்த குளோரீனில தீப்பிடிச்சு எரியும். ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் கோஸ்ரிக்கும் குளோரீனும் எடுத்த எங்கட பரந்தன் தொழிற்சாலை மாதிரி இடங்களில குளோரீனை உலர்த்திறதுக்கெண்டே தனிக் கோபுரம் வைக்கிறது இதாலதான். வீட்டுக் கொட்டிலில உலர்ந்த குளோரீன் எண்டு ஒண்டு கிடையாது. மாரி தொடங்கினால் காற்றே ஈரம்.

முக்கியமான விசயம்: மூடியைப் போத்தலுக்குள்ள கிடக்கிற திரவத்தைப் பாத்துத் தெரிவு செய்யாதேங்கோ, மேல எழும்புற ஆவியைப் பாத்துத் தெரிவு செய்யுங்கோ. நிமிர்ந்து நிக்கிற போத்தலில திரவம் மூடியைத் தொடுறது ஊத்தேக்க மட்டும். ஆவி இரவு பகலா அங்கதான் நிக்கும். பகலில தகரக் கூரைக்குக் கீழ 40 பாகை தாண்டும், இரவில குளிரேக்க மூடியின்ர உள்பக்கத்தில துளியாப் படியும். தகர மூடி விளிம்பில துருப்பிடிக்கிறதுக்குக் காரணமும் இதுதான். தகரத்தின்ர வெட்டுவாய் அந்தச் சுருட்டின விளிம்புக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு, அங்க வெள்ளீயப் பூச்சும் இல்லை, அரக்கும் இல்லை.

அப்பிடிப் பாத்தால் உங்கட அஞ்சு சாமானும் அஞ்சு விதம்:

பற்றறி அசிற் (சல்பூரிக்) ஆவியாகாது. மூடிக்கு லேசான வேலை.

கோஸ்ரிக்கும் ஆவியாகாது. ஆனால் காத்தில இருக்கிற ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துப் புரியில காபனேற்றுப் பொருக்கு கட்டும். உங்கட மூடி ஒட்டினது அதால.

ரைல் அசிற் புகையும். 30 வீதத்துக்குக் கிட்டப் போற கடும் அசிற் மூடி இறுக்கி இருந்தாலும் பிளாஸ்ரிக்குக்குள்ளால மெல்ல மெல்லக் கசியும்.

குளோரின் தண்ணி சும்மா இருக்கேக்கையே உடைஞ்சு ஒட்சிசன் விடும். கான் ஊதினது அந்த ஒட்சிசனால.

தூள், ஈரம் பட்டால் குளோரீன் விடும்.

ஒரே மூடி அஞ்சுக்கும் சரிவராது. ஆனால் ஒரே பிளாஸ்ரிக் சரிவரும்: பொலிப்புரொப்பிலீன் மூடி, தடிச்ச பொலித்தீன் போத்தல். அடியில முக்கோணத்துக்குள்ள 2 எண்டு இருந்தால் தடிச்ச பொலித்தீன் (அடர்த்தி கூடின எச்.டி.பி.ஈ.), 5 எண்டால் பொலிப்புரொப்பிலீன். 1 எண்டு இருந்தால் மென்பானப் போத்தல் வகை, அதில கோஸ்ரிக்கோ குளோரின் தண்ணியோ வைக்கக் கூடாது. காரம் அந்தப் பிளாஸ்ரிக்கின்ர சங்கிலியையே வெட்டும். முதல் மங்கும், பிறகு அடிப்பக்க மடிப்பில கீறு விழும், ஒரு நாள் தூக்கேக்க அடி கழண்டு விழும்.

மாங்குளம் கடைமேசை:
அண்ணை சொன்னது சரி. நான் அளவுப் பக்கத்தால வாறன், ஏனெண்டால் கடைக்கு வந்து "28 மில்லிமீற்றர் மூடி தாங்கோ" எண்டு கேக்கிற ஆக்களில பாதிப்பேர் பிழையான மூடியோடதான் போகினம்.

28 எண்டுறது குறுக்களவு மட்டும். மென்பானப் போத்தலும் 28, கைகழுவுற சோப் போத்தலும் 28. புரி வேற. விசிறி போடுற போத்தல்களுக்குப் பெரும்பாலும் 28/410, அதில புரி ஒண்டரைச் சுத்து. 28/400 எண்டால் ஒரு சுத்து. மென்பான மூடியை இதில போட்டால் ஒரு சுத்துச் சுத்தி இறுகின மாதிரி நிக்கும், ஆனால் உதட்டில இருக்காது. சாய்ச்சுப் பாத்தால் தெரியும்.

நீர் புகாமல் அடைக்கிறது புரி இல்லை, போத்தல் வாயின்ர உதடு. புரியின்ர வேலை மூடியைக் கீழ இழுத்துப் பிடிக்கிறது மட்டும். இதை விளங்காமல் குழாய்க்குச் சுத்துற திரெட் சீல் ரேப்பைப் போத்தல் புரியில சுத்தினம். குழாயில புரிதான் அடைக்கும், அங்க அது சரி. போத்தலில ரேப் வழுக்கலைத்தான் குடுக்கும். வழுக்கினால் கை கூட இறுக்கும், மூடி பக்கத்தால வெடிக்கும்.

எவ்வளவு இறுக்கிறது எண்டு கேட்டால், 28 மி.மீ. மூடிக்கு ஏறக்குறைய 1.6 நியூற்றன் மீற்றர் காணும். வீட்டில அளக்கிறதெண்டால் மூடியில 20 செ.மீ. தடி ஒண்டைக் கட்டி, நுனியில மீன் நிறுக்கிற சுருள் தராசைக் கொழுவி இழுங்கோ, 800 கிராம் காட்டினால் போதும். 38 மி.மீ. மூடிக்கு அதே தடியில 1.1 கிலோ. ஒருக்கா இதைக் கையால உணர்ந்திட்டால் பிறகு தராசு வேண்டாம். 20 லீற்றர் கானின்ர 61 மி.மீ. மூடிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதுக்குச் சாவி இருக்கு.

இறுக்கின அடுத்த நாள் ஒருக்காத் திரும்பி இறுக்குங்கோ. பிளாஸ்ரிக்கும் உள்ள இருக்கிற வாசரும் நசிஞ்சு இளகும், முதல் நாளில்தான் கூட இளகும்.

கனகராயன் கரை:
மூடி அண்ணாவையளே, குளோரின் கான் ஊதுறதுக்குச் சின்ன வேலை இருக்கு. சூடாக்கின ஊசியால மூடியில ஒரு ஓட்டை. காத்துப் போயிடும். இவ்வளவு எழுத என்ன இருக்கு?

பரந்தன் சந்தி:
தம்பி, அந்த ஓட்டையால காத்து மட்டுமா போகும்? போத்தல் சரிஞ்சால் திரவமும் போகும். சரியாமல் நிண்டாலும் அந்த ஆவி கொட்டிலுக்குள்ள இருக்கிற மின்சுவிச்சு, சைக்கிள் செயின், மண்வெட்டி எல்லாத்தையும் துருவாக்கும். கொட்டிலுக்குள்ளயே ரைல் அசிற்றும் இருந்தால் ரெண்டு ஆவியும் காத்தில சந்திக்கும். குளோரின் தண்ணியும் அசிற்றும் கலந்தால் குளோரீன் வாயு, அது நுரையீரலுக்குப் போற சாமான். ஊசி ஓட்டையைத் தயவுசெய்து ஒருத்தரும் செய்யாதேங்கோ.

வவுனியா வீட்டு உற்பத்தி:
நானும் இதுக்குத்தான் வந்தனான். காத்துப் போற மூடி எண்டு செய்தே விக்கிறாங்கள். மூடியின்ர நடுவில சின்னத் துளை, உள்பக்கத்தில வெள்ளைச் சவ்வு வட்டம் ஒட்டியிருக்கும். அது விரிச்ச தெஃப்லோன். வாயு போகும், திரவம் போகாது. 5 லீற்றரும் அதுக்கு மேலும் உள்ள குளோரின் கான்களுக்கு இதைத்தான் வாங்க வேணும். விக்கிற கடையில "வென்ற் மூடி" எண்டு கேளுங்கோ, மூடியைப் பிரட்டி வெள்ளை வட்டம் இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.

அது பழுதாப்போற விதம் ரெண்டு. கானைச் சரிச்சு வைச்சால் சவ்வில திரவம் நிண்டு அடைக்கும். மற்றது எங்கட கிணத்துத் தண்ணி. கடும் குளோரினைக் கிணத்துத் தண்ணியால இளக்கினால் தண்ணியில இருக்கிற கல்சியம் வெள்ளைப் படிவா இறங்கும், கான் குலுங்கேக்க அது போய்ச் சவ்வில ஒட்டும். இளக்கிறதுக்கு வடிச்ச மழைத்தண்ணி பாவிக்கிறது நல்லம். இரும்பு, செப்பு, நிக்கல் கலந்த தண்ணி இன்னும் கேடு. அதுகள் குளோரினைக் கெதியா உடைக்கும், ஒட்சிசன் கூட வரும், கான் கூட ஊதும். பித்தளைக் குழாய்வாய், செப்புக் கம்பி, நாகம் (துத்தநாகம்) பூசின வாளி ஒண்டும் கிட்டப் போகக் கூடாது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேணும். 10 பாகை கூடினால் உடையிற வேகம் 3 மடங்குக்கு மேல ஏறும். செறிவு பாதியானால் வேகம் நாலில் ஒண்டாக் குறையும். அதால 12 வீதத்தில வாங்கி அப்பிடியே வைச்சிருக்கிறதை விட, 1 பங்குக்கு 2 பங்கு தண்ணி விட்டு 4 வீதமாக்கி வைக்கிறது மூடிக்கும் நல்லம், சாமானுக்கும் நல்லம். 4 வீதம் எண்டால் வீட்டுக் கழுவலுக்குத் தாராளம். கானில பத்தில் ஒரு பங்கு வெறுமையா விடுங்கோ, திகதி எழுதி ஒட்டுங்கோ.

இனி விசிறிப் போத்தல். விசிறித் தலைக்குள்ள ஒரு சுருள்வில்லும் ஒரு குண்டும் இருக்கும். மலிவான தலையில வில் திரவம் போற பாதையிலேயே இருக்கும், குளோரின் பட்டால் பள்ளம் விழுந்து முறியும். முறியிறதுக்கு முதல் அடையாளம், விசிறுறது மண்ணிறமா வரும். "ஸ்ரெயின்லெஸ் வில்தானே, காந்தம் ஒட்டாதே, உள்ள உலோகம் இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது" எண்டு கேப்பினம். வில்லுக்கு இழுத்த கம்பியில காந்தம் கொஞ்சம் பிடிக்கும். நல்ல பலமான காந்தத்தைத் தலையின்ர கழுத்தில வைச்சு மெல்லத் தூக்கிப் பாருங்கோ, இழுவை இருந்தால் உள்ள உலோகம். முழுப் பிளாஸ்ரிக் தலை, இல்லாட்டில் வில் வெளிப்பக்கத்தில இருக்கிற தலை வாங்குங்கோ. மலிவானதுதான் கையில இருக்கு எண்டால் பாவிச்சு முடிய வெறும் தண்ணியைப் பத்துத்தரம் விசிறிவிட்டு, தலையைக் கழட்டிக் காய வையுங்கோ. குளோரினோட தலையைப் பூட்டி ராக்கையில வைக்கிறதுதான் வில்லைக் கொல்லும்.

ஒட்டுசுட்டான் வளவு:
நன்றி அக்கா. ஊதின கானை இப்ப எப்பிடித் திறக்கிறது? இன்னொண்டு, கடையில வாங்கேக்க ஒழுகாத போத்தல் ஈயத்தாள் உரிச்சாப் பிறகு ஒழுகுதே, அது ஏன்?

வவுனியா வீட்டு உற்பத்தி:
கானை: விடியக்காலைமை, சூடு ஏறுறதுக்கு முதல். முதல் நாள் பின்னேரமே நிழலுக்கு எடுத்து வையுங்கோ. வெளியில, காத்து உங்கட முதுகுப் பக்கத்தால வாற மாதிரி நில்லுங்கோ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு றப்பர் கையுறை. ஈரத்துணியை மூடிக்கு மேல போட்டுக் கால் சுத்து மட்டும் திருப்புங்கோ. சீறும். சீறி முடியும் வரை கையை எடுக்காமல் நில்லுங்கோ, பிறகு இன்னொரு கால் சுத்து. முகத்தை மேல குனியாதேங்கோ. உடன 4 வீதமாக்கிப் போடுங்கோ.

மாங்குளம் கடைமேசை:
தாளுக்கு நான் சொல்லுறன். அந்த ஈயத்தாள் மூடியில ஒட்டிக்கொண்டு வாறது. தொழிற்சாலையில மின்தூண்டலால சூடாக்கிப் போத்தல் உதட்டில ஒட்டுவினம். ரெண்டு வகை. ஒண்டில் தாள் மட்டும், உரிச்சாப் பிறகு மூடிக்குள்ள வாசர் எண்டு ஒண்டும் மிஞ்சாது, வெறும் பிளாஸ்ரிக் உதட்டில முட்டும், ஒழுகும். மற்றதில தாளை உரிக்க மூடிக்குள்ள மட்டைத்தாள் வட்டம் ஒண்டு மிஞ்சும். அது அசிற்றுக்கும் குளோரினுக்கும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது, கறுத்து ஊறிக் கூழாகும்.

ரெண்டுக்கும் வழி ஒண்டுதான்: வாசர் மாத்துறது. உதட்டின்ர வெளிவிட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றர் கூட வெட்டி மூடிக்குள்ள போடுங்கோ, தானாப் பிடிச்சு நிக்கும். பசை போட வேண்டாம்.

வாசருக்கு என்ன சாமான்? இதை ஒருக்கா எழுதி ஒட்டி வையுங்கோ. ஈ.பி.டி.எம். றப்பர் (தண்ணிப் பம்பிக்கும் சூரிய நீர்சூடாக்கிக்கும் வாற கறுப்பு) குளோரின் தண்ணி, அசிற், கோஸ்ரிக், பற்றறி அசிற் நாலுக்கும் நிக்கும், மண்ணெண்ணெய்க்கும் தின்னருக்கும் ஊதிப் பெருக்கும். நைத்திரைல் றப்பர் (மோட்டார்ச்சைக்கிள் எண்ணெய் சீல்) மண்ணெண்ணெய்க்கு நல்லம், குளோரினுக்குக் கீறு விழும். ரெண்டும் கறுப்பு, பாத்தால் ஒரே மாதிரி. ஒண்டை மற்றதின்ர இடத்தில போட்டால் ஒரு கிழமையில விளங்கும். வெள்ளைப் பொலித்தீன் நுரை வாசர் நீரில கரைஞ்ச சாமான் எல்லாத்துக்கும் சரி, மண்ணெண்ணெய்க்குச் சரியில்லை. தெஃப்லோன் முகம் போட்ட வாசர் எல்லாத்துக்கும் நிக்கும், கிடைக்கிறது கஷ்டம்.

கனகராயன் கரை:
சைக்கிள் ரியூப் வெட்டிப் போட்டால்?

மாங்குளம் கடைமேசை:
ரியூப் பியூற்றைல் எண்டால் அசிற்றுக்கும் கோஸ்ரிக்குக்கும் பரவாயில்லை. இயற்கை றப்பர் எண்டால் குளோரின் கடிச்சு மேல்தோல் கல்லாப் போகும், மடிச்சால் கீறும். எது எண்டு பாத்துச் சொல்லேலாது, ஊறவைச்சுத்தான் பாக்க வேணும். 2 செ.மீ. சதுரமா ரெண்டு துண்டு வெட்டி, ஒண்டை அந்தத் திரவத்திலயே 7 நாள் விடுங்கோ, மற்றதைச் சும்மா வையுங்கோ. எடுத்துக் கழுவித் துடைச்சுப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 2 செ.மீ. 21 மி.மீ. ஆகியிருந்தால் வேண்டாம். ஒட்டும்தன்மை வந்திருந்தாலோ மடிக்க வெடிச்சாலோ வேண்டாம். திரவம் கறுத்திருந்தாலும் வேண்டாம். ரியூபில பூசின மாப்பொடியை முதலே கழுவிப்போடுங்கோ.

ஒழுக்குப் பாக்கிறதுக்கு இரசாயனம் வேண்டாம். வெறும் தண்ணியில துணிக்குப் போடுற நீலம் ஒரு சொட்டு விட்டு, மூடி, தலைகீழாப் பேப்பரில வைச்சு வெயிலில ரெண்டு மணித்தியாலம், பிறகு நிழலில அடுத்த நாள் வரை. சூட்டில உள் அழுத்தம் ஏறும், ஒழுகிறது எண்டால் நீலப் புள்ளி காட்டிக் குடுக்கும்.

சோலர் வேலை, புதுக்குடியிருப்பு:
பற்றறிப் பக்கம் ஒருத்தரும் விரிவாச் சொல்லேல்லை. அசிற் ஆவியாகாது எண்டது உண்மை, ஆனால் புரியில நிண்ட துளி காயாது. தண்ணி போகப் போகச் செறிவு ஏறும், பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். சாறத்தில பட்டால் துவைச்சாப் பிறகுதான் ஓட்டை தெரியும். ஊத்தி முடிய வாயைத் தண்ணியால கழுவித் துடைச்சு, புரி காய்ஞ்சாப் பிறகு மூடுங்கோ.

பற்றறியில இருக்கிற மூடி வேற கதை. அது அடைக்கிற மூடி இல்லை. சார்ச் ஏறேக்க ஐதரசனும் ஒட்சிசனும் வெளிய போக வேணும், அதுக்குத்தான் துளை. சோலர் குழாய்த்தகட்டுப் பற்றறியில மிதவை வைச்ச மூடி வரும், சிலதில தீச்சுவாலை உள்ள போகாமல் நுண்துளை வட்டும் இருக்கும். அது துலைஞ்சால் வேற போத்தல் மூடி போட்டு இறுக்கினால் பெட்டி ஊதும். துணி அடைஞ்சால் துணி எரியும், தீப்பொறி பட்டால் பற்றறியே வெடிக்கும். அதே அளவில வென்ற் மூடி வாங்கிப் போடுங்கோ.

காய்ச்சி வடிச்ச தண்ணி வைக்கிற கானுக்கும் உலோக மூடி கூடாது. துரு விழுந்தால் இரும்பு பற்றறிக்குள்ள போய்ச் சும்மா இருக்கேக்கையே சார்ச்சை இறக்கும். பாவனையில குறையிறது தண்ணிதான், அசிற் இல்லை. சிந்தாமல் இருந்தால் அசிற் ஊத்த வேண்டிய தேவையே வராது. அதால வீட்டில அசிற் வைச்சிருக்கிறதே வீண் எண்டுறது என்ர எண்ணம்.

பரந்தன் சந்தி:
கடைசி வரிக்கு என்ர ஓட்டும். மூடியே தேவைப்படாத சாமான்தான் நல்ல சாமான்.

ரி.சி.எல். தூளுக்கு வாறன். அதில கிடைக்கக்கூடிய குளோரீன் 30 வீதம் அளவில. மூடியை விட உள்ளுறைதான் முக்கியம்: தடிச்ச பொலித்தீன் பை ரெண்டு, ஒண்டுக்குள்ள ஒண்டு, கழுத்தை முறுக்கி மடிச்சுக் கட்டுறது. அதை அகல வாய்ப் பொலித்தீன் வாளியில, திருகு மூடியோட. கண்ணாடியில வைக்கக் கூடாது, வாயு விட்டால் கண்ணாடி இளகாது. ஐஸ்கிறீம் பெட்டியும் சரியில்லை, அந்த மூடி ஈரத்தை மறிக்காது. அள்ளுறது காய்ஞ்ச பிளாஸ்ரிக் கரண்டியால மட்டும், அதையும் வாளிக்குள்ள விடாதேங்கோ.

ஒரு வீத தாய்க்கரைசல் (பிறகு இளக்கிப் பாவிக்கிற கடும் கரைசல்) எண்டால் லீற்றருக்கு 33 கிராம். வேணுமெண்ட நேரம் கரைச்சு, தெளிவை எடுத்து, அண்டைக்கே முடியுங்கோ. கரைச்சதை மூடி வைக்கிறதுக்கு மூடி தேட வேண்டாம்.

மூடி இறுகுது எண்டு புரிக்குத் தேங்காய் எண்ணெயோ கிறீசோ பூசுற பழக்கம் இருக்கு. குளோரின் தூளுக்கு அது அறவே கூடாது. 65 - 70 வீதக் கல்சியம் ஐப்போகுளோரைற்று, நீச்சல்தடாகத்துக்குப் போடுற வெள்ளைக் குறுணி, அது எண்ணெயோட சேர்ந்தால் தன்பாட்டில தீப்பிடிக்கும். ரி.சி.எல். அவ்வளவு உக்கிரம் இல்லை எண்டாலும் அந்தப் பழக்கத்தைப் பழகாதேங்கோ. புரியைக் காய்ஞ்ச துணியால துடைச்சால் காணும்.

முல்லைக் கரையோரம்:
மொத்தமா வைக்கிற நீலப் பரலுக்கு? சனசமூக நிலையத்தில வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போட எண்டு தூளை அதிலதான் வைக்கினம். இறுக்கிற வளையம் துருப்பிடிச்சுப் பிடியே முறியுது.

மாங்குளம் கடைமேசை:
அந்த வளையம் நாகம் பூசின இரும்பு. உங்களுக்கு உள்ளால குளோரீன், வெளியால உப்புக்காத்து, நாகம் ரெண்டுக்கும் தோற்கும். முழுப் பிளாஸ்ரிக் நெம்புவளையம் போட்ட பரல் இருக்கு, அதை எடுங்கோ. இல்லாட்டில் திருகு மூடி உள்ள அகல வாய்ப் பரல். பழைய பரல்தான் எண்டால் மூடியின்ர பள்ளத்துக்குள்ள இருக்கிற நுரைக் கீற்றைப் பாருங்கோ. மஞ்சளா, நசிச்சால் தூளாக் கொட்டுது எண்டால் அது பொலியூரெதேன் நுரை, குளோரீன் தின்டிட்டுது. சுரண்டி எடுத்து ஈ.பி.டி.எம். கீற்றை அளவுக்கு வெட்டிப் போடுங்கோ, பொருத்து நேரா வெட்டாமல் சாய்ச்சு வெட்டுங்கோ, நேர் வெட்டு சுருங்கி வாய் திறக்கும். அடைப்புச் சரியானால் வளையம் துருப்பிடிக்கிறது பாதியாக் குறையும்.

பாலையடி ரீச்சர்:
மூடி அரிப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகள் திறப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். அழுத்தித் திருப்பும் மூடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8317 என்ற தரம் இருக்கிறது. 42 முதல் 51 மாதம் வரையான பிள்ளைகளிடம் போத்தலைக் கொடுப்பார்கள். முதல் 5 நிமிடத்தில் 85 வீதமான பிள்ளைகளால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். பிறகு எப்படித் திறப்பது என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டி, இன்னும் 5 நிமிடம் கொடுப்பார்கள். அதன் முடிவிலும் 80 வீதமான பிள்ளைகள் திறக்காமல் இருக்க வேண்டும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: பத்து நிமிடத்தில் ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை திறந்தாலும் அந்த மூடி தேறிவிடும். ஆகவே அது தாமதிக்க வைக்கும் மூடி, பூட்டு அல்ல.

இந்த மூடி இரண்டு அடுக்கு. வெளி அடுக்கை அழுத்தினால்தான் உள் அடுக்கின் பற்களைப் பிடிக்கும். இடையில் கோஸ்ரிக் பொருக்கோ தூளோ புகுந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு அழுத்தாமலே திறக்கும். மாதம் ஒருமுறை அழுத்தாமல் சுற்றிப் பாருங்கள். "கிடுகிடு" என்று வெறுமனே சுற்ற வேண்டும். சுற்றாமல் திறந்தால் எறிந்துவிடுங்கள்.

விவசாய மருந்துப் போத்தல்களின் மூடிகள் மிகத் தரமானவை, ஆசை வரும். அவற்றை வேறு எதற்கும் பாவிக்காதீர்கள், கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. மென்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதும் அப்படித்தான், நிறமும் மூடியும் பிள்ளைக்குப் பழக்கமானவை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள். அரித்தது இரண்டாம் முறையும் அரிக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும். 1990 க்கு அழையுங்கள், போத்தலையும் கூடக் கொண்டு போங்கள்.

ஒட்டுசுட்டான் வளவு:
எல்லாருக்கும் நன்றி. விளங்கினதைச் சொல்லுறன், பிழை எண்டால் திருத்துங்கோ. தூள் வாளியிலும் பைக்குள்ளயும். குளோரின் தண்ணியை 4 வீதமாக்கி வென்ற் மூடியோட. பற்றறி அசிற்றைச் சோலர் அண்ணைட்டைக் குடுத்திடுறன். ரைல் அசிற் எங்க? கோஸ்ரிக் மூடி இன்னும் திறபடேல்லை, அதுக்கு அலுமினிய மூடி. சுத்தியலால தட்டட்டோ?

பரந்தன் சந்தி:
தட்டாதேங்கோ! அலுமினியமும் கோஸ்ரிக்கும் ஈரமும் சேர்ந்தால் ஐதரசன் வரும், உள்ளுக்கு அழுத்தம் இருக்கலாம். போத்தல் கண்ணாடியோ?

ஒட்டுசுட்டான் வளவு:
ஓம், கண்ணாடி.

பரந்தன் சந்தி:
அப்ப இன்னும் கவனம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை, வெளியில, நெருப்பு கிட்ட இல்லாமல். பிளாஸ்ரிக் வாளிக்குள்ள போத்தலை நிமிர்த்தி வைச்சு, மூடியின்ர கீழ் விளிம்பு நனையிற அளவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணியை மெல்ல ஊத்துங்கோ. கொதிதண்ணி வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். புரியில கட்டினது காபனேற்று, அது தண்ணியிலயே கரையும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கா தண்ணியை மாத்துங்கோ. பிறகு துணி சுத்திக் கால் சுத்து, சீறினால் நிப்பாட்டிப் பாத்திருங்கோ. தண்ணி உள்ள போனால் செதில் சூடாகும், அதால விளிம்புக்கு மேல நனைய விடாதேங்கோ. திறந்தவுடன தடிச்ச பொலித்தீன் போத்தலுக்கு மாத்துங்கோ. மூடியின்ர உள்பக்கம் பொருக்கா, சாம்பல் நிறமா இருக்கும், அந்த இடத்துச் செதிலை விட்டிட்டு மற்றதை எடுங்கோ.

ரைல் அசிற்றைக் கொட்டிலுக்குள்ள வைக்காதேங்கோ, மண்வெட்டி மாதிரி வேலைச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கும். வீட்டின்ர வெயில் படாத சுவர் நிழலில, மூடியுள்ள வாளி ஒண்டுக்குள்ள போத்தலை நிமிர்த்தி வைச்சு, அடியில ரெண்டு கைபிடி நொறுக்கின சிப்பியோ சுண்ணாம்புக் கல்லோ போடுங்கோ. கசியிற அமில ஆவியை அது பிடிக்கும். கல்லு மாவாகி ஈரமானால் மாத்துங்கோ. குளோரின் சாமான் மற்றச் சுவர்ப் பக்கம்.

ஒட்டுசுட்டான் வளவு:
மூண்டாம் தரம் தண்ணி மாத்தத் திறந்திட்டுது. கொஞ்சம் சீறினதுதான். மூடியின்ர உள்பக்கம் நடுவில ஊசித்துளை ரெண்டு கிடக்கு.

மாங்குளம் கடைமேசை:
அதை எறியுங்கோ. போத்தல் வாயின்ர வெளி அளவை எடுத்து எழுதிக்கொண்டு வாங்கோ, மூடியைக் கொண்டு வர வேண்டாம்.